மலை ரயில்: காரைக்குடியில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வீட்டுப் பந்தியில், பஸ் ஸ்டாண்டில், போனில் என்று பத்து வருஷமாக ஒரே கேள்விகளுக்கு ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழுதி வைத்துவிட்டால் இனிமேல் இதைக் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடலாம் என்ற ஆசையில் எழுதியது இது. ரயில்வேயில் எனக்கு உத்தியோகம் கிடையாது, வெறும் பித்துதான்.

நம்மூரில் மலையே கிடையாதே, உங்களுக்கு எப்படி இந்தப் பித்து?

குன்றக்குடிப் படியேறினாலே மூச்சு வாங்குகிற ஊர்க்காரன்தான் நான், உண்மை. பித்து வந்தது எங்கள் ஐயாவிடமிருந்து (அப்பச்சியின் அப்பச்சி). அவர் இலங்கையில், கண்டியில் ஒரு மார்க்காவில் (வட்டிக்கடையில்) அடுத்தாளாக, அதாவது உதவியாளாக, இருந்தவர். மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊருக்கு வருவதும், சில மாதம் இருந்துவிட்டு மறுபடி கொண்டுவிக்க (கடல் கடந்து தொழில் செய்ய) போவதுமாகவே வாலிபம் கழிந்தது. வட்டிக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார், ஆனால் கண்டிக்குப் போகிற வழியில் கடுகண்ணாவை ஏற்றத்தில் ரயில் வளைவதைக் கேட்டால் வளவுத் (வீட்டு உள்முற்றத்துத்) தூணில் சாய்ந்துகொண்டு அரைமணி நேரம் சொல்வார். "சன்னல்ல தலைய நீட்டுனா நம்ம ரயிலோட வாலே நமக்குத் தெரியும்டா" என்பார். எனக்கு ஆறேழு வயது. வாலைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அன்றைக்குப் பிடித்தது.

காரைக்குடியிலிருந்து கண்டிவரைக்கும் ரயிலிலேயே போனார்களா?

நடுவில் கொஞ்சம் கடல், மற்றபடி ரயில்தான். பாம்பன் பாலம் 1914-ல் திறந்ததும் ரயில் தனுஷ்கோடித் துறைக்கே போனது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், இறங்கினால் எதிரிலேயே கொழும்பு ரயில். அதற்கு முன்னால் தூத்துக்குடி போய்க் கப்பலேற வேண்டும். நம்மூருக்கே ரயில் வந்தது 1930-ல்தான். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி, சிவகங்கை வழியாக மானாமதுரைக்குப் பாதை போட்டதற்கு அப்புறம் செட்டிநாட்டுக்காரர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே வண்டியேற முடிந்தது. அதுவரை மாட்டு வண்டியில் மானாமதுரை. தலைமன்னாரில் ஏறி அநுராதபுரம் தாண்டிப் பொல்காவலையில் வண்டி மாறினால் அப்புறம் ஏற்றம், கண்டி.

இதைச் சொல்லும்போது ஐயா விட்டுவிடுகிற ஒரு விஷயம் உண்டு, நான் சேர்த்துவிடுகிறேன். அதே ரயிலில் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்களும் இருந்தார்கள். அவர்களை மண்டபம் கேம்பில் நாள்கணக்கில் நிறுத்தி வைத்து, நோய் இல்லை என்று பார்த்துத்தான் கப்பலேற்றினார்கள். கடன் கொடுக்கப் போனவருக்கும் கொழுந்து பறிக்கப் போனவருக்கும் தண்டவாளம் ஒன்று, பயணம் வேறு.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகும் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது, எண்பதுகளில் இலங்கைச் சண்டையோடு அதுவும் நின்றது. கப்பலுக்கு ஆள் கொண்டுபோன ரயிலின் போட் மெயில் என்ற பேர் மட்டும் இன்னும் நம்மூர் வழியாக ராமேஸ்வரத்துக்குப் போய் வந்துகொண்டிருக்கிறது.

இலங்கை மலைப்பாதையை யாருக்காகப் போட்டார்கள்? சுற்றுலாவுக்கா?

சுற்றுலாவாவது! காப்பிக்காகப் போட்டது. கண்டிப் பக்கம் விளைந்த காப்பிக்கொட்டை மாட்டு வண்டியில் கொழும்புக்கு இறங்குவதற்குள் வாரக்கணக்கு ஆகும், மழை வந்தால் வழியிலேயே ஊறிப் போகும். தோட்டக்காரர்கள் நச்சரித்து நச்சரித்துத்தான் 1867-ல் கண்டிக்கு ரயில் வந்தது. இரண்டே வருஷத்தில், 1869-ல், காப்பி இலையில் நோய் விழுந்தது. பாதை மேலே மேலே ஏறிக்கொண்டிருக்கக் கீழே காப்பி செத்துக்கொண்டிருந்தது. நாவலப்பிட்டிக்கு 1874, நானுஓயாவுக்கு 1885. அதற்குள் மலை முழுக்கத் தேயிலை நட்டுவிட்டார்கள், அதுவே பாதைக்குச் சரக்காயிற்று. பண்டாரவளைக்கு 1894-ல் போன பாதை பதுளையைத் தொட இன்னும் முப்பது வருஷம், 1924.

அந்தக் கடைசித் துண்டில்தான் வேடிக்கையெல்லாம் இருக்கிறது. எல்லவுக்குப் பக்கத்தில் ஒன்பது வளைவுப் பாலம், இரும்பே வைக்காமல் கல்லும் செங்கல்லும் சிமெண்டும் கொண்டு கட்டியது. தெமோதரையில் ரயில் ஸ்டேஷனைத் தாண்டிப் போய் ஒரு சுற்று சுற்றி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் குகையில் நுழைந்து போகும். ஒரேயடியாக இறங்க முடியாத சரிவில் உயரத்தைச் சுற்றிச் சுற்றிக் கரைக்கிற வழி அது. முறுக்குப் பிழிகிற கையை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாதையின் உச்சி பட்டிப்பொலவுக்குப் பக்கத்தில், 1,898 மீட்டர், அதாவது கொடைக்கானல் ஊர் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு.

இதில் எனக்குப் பிடித்த கூத்து ஒன்று உண்டு. இலங்கையில் அந்த மலை முழுக்க அகலப்பாதை, 1,676 மில்லிமீட்டர். இங்கே தட்டையான ராமநாதபுரம் சீமையில் மீட்டர் கேஜ், ஒரே மீட்டர் அகலம். ஐயா சமவெளியில் குறுகலான ரயிலில் போய், கடல் தாண்டி, அகலமான ரயிலில் மலையேறியிருக்கிறார்! மலை என்றால் குறுகிய தண்டவாளம்தான் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். எவ்வளவு சரக்கு, யார் காசு என்பதுதான் அகலத்தை முடிவு செய்தது.

ஊட்டி ரயிலில் பல்சக்கரம் என்கிறார்களே, அது எப்படி?

சாதாரண ரயில் நிற்பதும் போவதும் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் பிடிக்கிற பிடியில்தான். கொஞ்சம் ஏற்றம் கூடினால் சக்கரம் அதே இடத்தில் வழுக்கிச் சுற்றும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏற்றம் பன்னிரண்டுக்கு ஒன்று, அதாவது 12 அடி முன்னே போனால் 1 அடி மேலே. இது வெறும் சக்கரத்தால் ஆகிற காரியம் இல்லை. அதனால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வெட்டின இரும்புப் பட்டை இரண்டு, பக்கத்துப் பக்கத்தில். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வருகிற மாதிரி தள்ளிப் பதித்திருப்பார்கள். எஞ்சினுக்கு அடியில் இருக்கிற பல்சக்கரம் அதில் கவ்விக் கவ்வி ஏறும். ஒரு பல் விடும்போது இன்னொன்று பிடித்திருக்கும், பிடி அறவே விடாது. ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் கண்டுபிடித்த முறை. இந்தியாவில் பல்சக்கர ரயில் இது ஒன்றுதான்.

எஞ்சின் ஏன் பின்னால் இருக்கிறது என்று அடுத்துக் கேட்பீர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து போகும்போது நீராவி எஞ்சின் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளும். இணைப்பு அறுந்தாலும் பெட்டி எஞ்சின் மேலேதான் சாயும், தனியாக ஓடிப் பள்ளத்தில் போகாது. இறங்கும்போது அதே எஞ்சின் பள்ளத்துப் பக்கம் முன்னால் நின்று தாங்கிக்கொண்டு வரும். பெட்டிக்குப் பெட்டி பிரேக் போட ஆள் நிற்பார், கையில் கொடி. முன்பெட்டியில் இருப்பவர் பாதையைப் பார்த்துக் கொடி காட்ட, அது வரிசையாகப் பின்னால் டிரைவர் வரைக்கும் போகும். முதல் தடவை போனபோது நான் இயற்கைக் காட்சியை விட்டுவிட்டு இந்தக் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தேன், வீட்டுக்காரிக்கு ஒரே கோபம்.

கல்லாறு தாண்டியதும் பல்பட்டை தொடங்கும் இடத்தில் வேகம் நடைக்குக் குறையும், அடியில் ஒரு 'டக்', அப்புறம் உட்காரும் பலகை வழியாக ஒரே சீரான நறநற. அம்மி கொத்துகிற சத்தத்தைத் தூரத்திலிருந்து கேட்பது மாதிரி. குன்னூர் வரை அது நிற்காது. அங்கே பல்பட்டை முடிந்துவிடும், மேலே ஊட்டிக்கு டீசல் எஞ்சின்.

அந்தப் பாதை எத்தனை வருஷம் கட்டினார்கள்?

கட்டினதைவிடப் பேசினதுதான் அதிகம். 1854-லேயே யோசனை வந்துவிட்டது. நடுவில் ரிக்கன்பாக் என்ற இன்னொரு சுவிஸ் பொறியாளர் வந்து பார்த்தார், கம்பெனி ஆரம்பித்தார்கள், காசு சேரவில்லை, கம்பெனி மாறியது. 1891-ல் வேலை தொடங்கி, குன்னூருக்கு 1899-ல் ரயில் ஓடியது. ஊட்டிக்கு 1908. மொத்தம் 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 250 பாலம். மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டரில் இருக்கிறது, ஊட்டி 2,200-ல். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது. சுவிட்சர்லாந்தில் செய்த எக்ஸ் வகை எஞ்சின்கள்தான் நெடுநாள் ஓடின. இப்போது அதே வகையை நம்ம திருச்சி பொன்மலை ஒர்க்ஷாப்பிலேயே புதிதாகச் செய்து அனுப்புகிறார்கள். அந்தச் சேதி படித்த அன்றைக்கு எனக்கு வந்த பெருமை, ஏதோ நானே ரிவெட் அடித்த மாதிரி.

கொடைக்கானலுக்கு ரயில் உண்டா? கொடைக்கானல் ரோடு என்று ஸ்டேஷன் இருக்கிறதே?

இல்லை. ரோடு என்று போட்டிருந்தால் அங்கிருந்து ரோட்டில் போ என்று அர்த்தம், நம்ம தேவகோட்டை ரோடு மாதிரி. பழைய பேர் அம்மையநாயக்கனூர், திருச்சி-மதுரைப் பாதையோடு 1875-ல் வந்தது. அங்கே இறங்கினால் இன்னும் சுமார் 80 கிலோமீட்டர் பஸ். என் மாமா ஒருவர் கம்பளி மப்ளரெல்லாம் சுற்றிக்கொண்டு விடியற்காலை அந்தப் பிளாட்பாரத்தில் இறங்கிக் குளிரைத் தேடினார். பாவம், வேர்த்துக் கொட்டியதுதான் மிச்சம்.

மூணாறில் ஒரு காலத்தில் ரயில் ஓடியதாமே, கதையா நிஜமா?

நிஜம், ஆனால் கேட்டால் கதை மாதிரிதான் இருக்கும். 1902-ல் தேயிலை இறக்குவதற்காக ஒற்றைத் தண்டவாளம் ஒன்று போட்டார்கள். பெரிய பாரமெல்லாம் அந்த ஒரே கம்பி மேல் உருளும் சின்னச் சக்கரத்தில், சாயாமல் இருக்க மண்ரோட்டில் ஓடும் பெரிய சக்கரம் ஒரு பக்கம், இழுப்பதற்கு மாடு. மலைமேல் மோனோரயில், மாட்டோடு! 1908-ல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் ஒழுங்கான குட்டி ரயில் போட்டு நீராவி எஞ்சின் விட்டார்கள். குண்டளை பள்ளத்தாக்கு ரயில் என்று பேர்.

மூணாறிலிருந்து கிளம்பும் பாதை மலை விளிம்பில் முடிகிற இடம் டாப் ஸ்டேஷன். இன்றைக்கு மேகம் பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பேரில் இருக்கிற ஸ்டேஷன் ரயில் ஸ்டேஷன் என்று தெரியாது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கயிற்று வழியில் தொங்கிக்கொண்டு குரங்கணிப் பக்கம் பாட்டம் ஸ்டேஷனுக்கு இறங்கும், அப்புறம் வண்டியில் போடிநாயக்கனூர். மலையாளச் சீமையில் விளைந்த தேயிலை தமிழ்நாட்டு வழியாகத்தான் கப்பலுக்குப் போனது.

1924 ஜூலையில் பெருவெள்ளம். கேரளத்தில் கொல்லம் ஆண்டு 1099 என்பதால் தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து வெள்ளம் என்று இன்றும் சொல்வார்கள். மலை சரிந்து தண்டவாளம், பாலம், எஞ்சின் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போயிற்று. திரும்பப் போடவே இல்லை, காரணம் சுலபம்: மழை போய்க் கணக்குப் பார்த்தபோது லாரி ரோடு மலிவாகத் தெரிந்தது. ஊட்டியைப் போல உல்லாசத்துக்கு வரும் துரைமார் கூட்டம் அங்கே இருந்திருந்தால் ஒருவேளை மறுபடி கட்டியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

போடி ரயில் மலை ரயிலா?

பாதி. போடி மலையடிவாரம், மேலே ஏறாது. ஆனால் வழியில் ஆண்டிப்பட்டிக் கணவாயைப் பிளந்துகொண்டு போகும், இரண்டு பக்கமும் வெட்டின பாறை. ஏலக்காய்க்காகவும் மேலேயிருந்து வரும் தேயிலை, காப்பிக்காகவும் 1928-ல் போட்ட மீட்டர் கேஜ், மதுரையிலிருந்து 90 கிலோமீட்டர். இரண்டாம் உலகப் போரில் இரும்புக்குத் தட்டுப்பாடு வந்து தண்டவாளத்தையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், போர் முடிந்து வருஷக்கணக்கில் கழித்துத்தான் மறுபடி போட்டார்கள். பிறகு 2010 முடிவில் அகலப்பாதைக்காக நிறுத்தினார்கள், தேனிக்கு 2022-ல், போடிக்கு 2023-ல் திரும்ப வந்தது. ஒரு ரயிலை இரண்டு தடவை இழந்து இரண்டு தடவை வாங்கின ஊர் அது.

காரைக்குடியில் ஏறி உட்கார்ந்தால் இறங்காமல் மலை தாண்டுகிற ரயில் ஏதாவது உண்டா?

உண்டு! இதைத்தான் எல்லோரும் கேட்கவேண்டும், ஒருத்தரும் கேட்பதில்லை. வேளாங்கண்ணி-எர்ணாகுளம் எக்ஸ்பிரஸ், வாரம் இரண்டு நாள், பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வழியாக நம்மூருக்கு வந்து, மானாமதுரை, விருதுநகர், தென்காசி, செங்கோட்டை, புனலூர், கொல்லம் என்று போகும். செங்கோட்டை வரைக்கும் போதும் என்றால் சிலம்பு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. கிழமையும் நேரமும் மாறும், பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

நான் போனது ஒரு கார்த்திகை மாதம். ராத்திரி ஏறிப் படுத்தவன் செங்கோட்டையில் ஆட்டம் கொடுத்ததில் விழித்தேன். பின்னால் தள்ளுவதற்கு ஒரு எஞ்சின் மாட்டிக்கொண்டிருந்தார்கள். கிளம்பினால் முன்னால் ஒரு குரல், பின்னால் ஒரு குரல், இரண்டு எஞ்சினும் பேசிக்கொள்வது மாதிரி ஹாரன். பகவதிபுரம் வரை இடதும் வலதும் தென்னையும் வயலும்தான், மலை எதிரே சுவராக நிற்கும். அப்புறம் குகை. உள்ளே நுழைந்ததும் ஈரக்காற்று சன்னல் கம்பியில் பட்டுக் கம்பி சில்லென்று வேர்த்துவிட்டது, விரலால் தடவிப் பார்த்தேன். வெளியே வந்தால் ஆரியங்காவு, கேரளம், வேற பச்சை. நம் பக்கம் வறண்ட பச்சை, அந்தப் பக்கம் சொட்டுகிற பச்சை. அங்கிருந்து புனலூர் வரை ஒரே இறக்கம், பிரேக் தேய்கிற வாசனை பெட்டிக்குள்ளேயே வரும்.

கழுதுருட்டிக்குப் பக்கத்தில் பதிமூன்று கண் பாலம் வரும், கருங்கல்லில் கட்டியது. அதன் மேலேயே போகிறவனுக்கு அது தெரியாது, கீழே ரோட்டில் பஸ்ஸில் போகிறவனுக்குத்தான் தெரியும். என் ஐயா சொன்ன வால் மட்டும் தெரிந்தது. தென்மலைக்கு முன்னால் ஒரு வளைவில் தலையை நீட்டினேன், கடைசிப் பெட்டியும் அதற்குப் பின்னால் தள்ளு எஞ்சினும் அப்படியே காட்டுக்குள்ளிருந்து வளைந்து வந்தன. நாற்பது வருஷம் காத்திருந்த காட்சி, எதிர்ச் சீட்டுக்காரர் "தலைய உள்ள எடுங்க சார்" என்று சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். அவர் செய்தது சரி. நீங்கள் நீட்டாதீர்கள்.

வரலாறு கேட்பவர்களுக்கு: கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையில் 1904-ல் திறந்தது. திருவிதாங்கூர் ராஜ்ஜியத்துக்குள் வந்த முதல் ரயில் இதுதான். செங்கோட்டையே அன்று திருவிதாங்கூர், 1956-ல்தான் நம் பக்கம் வந்தது. இங்கேயிருந்து நெல்லும் அரிசியும் போகவும், அங்கேயிருந்து மரமும் மலைச்சரக்கும் வரவும் ஆரியங்காவுக் கணவாயில் ஆயிரக்கணக்கான மாட்டு வண்டி நடந்த தடம் அது, தண்டவாளம் அதன் மேலேதான் வந்தது.

செங்கோட்டைப் பாதையில் இருந்த அந்த அழகான மீட்டர் கேஜை எடுத்தது தப்பில்லையா?

2010-ல் நிறுத்தி 2018-ல் அகலப்பாதையாகத் திறந்தார்கள். எட்டு வருஷம் ரொம்ப அதிகம், அதை நியாயப்படுத்த மாட்டேன், அந்தப் பக்கத்து ஜனம் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆனால் மாற்றினதே தப்பு என்பவர்களோடு எனக்கு ஒத்துவராது. மீட்டர் கேஜாகவே விட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை போட்டோ எடுக்க ஒரு பொம்மை ரயில் இருந்திருக்கும். இப்போது வேளாங்கண்ணிக்கு வேண்டுதல் வைத்தவரும், கொல்லத்தில் வேலை பார்ப்பவரும் நம்மூர் பிளாட்பாரத்திலிருந்தே போய் வருகிறார்கள். மலைக்கு அகலப்பாதை பொருந்தாது என்று சொல்கிறவர்களுக்கு நான் கண்டியைக் காட்டுவேன், 1867-லேயே ஏறிவிட்டது. ஊட்டி வேறு விஷயம், பல்பட்டையை எடுத்தால் அங்கே ரயிலே கிடையாது. அதை அப்படியே வைத்திருப்பதுதான் ஒழுங்கு.

மலேயா, பர்மா பக்கம்?

பர்மாவில் லாஷியோ போகும் பாதையில் கோக்தெய்க் பாலம், பள்ளத்தாக்குக்கு மேல் 100 மீட்டர் உயரத்தில் இரும்புக் கால்களில் நிற்பது, 1900 வாக்கில் அமெரிக்கக் கம்பெனி கட்டியது. நம் செட்டிமார் பெரும்பாலும் கீழே நெல்வயல் டெல்டாவில்தான் இருந்தார்கள், அதனால் வீட்டுத் தேக்குத் தூணைப் பற்றிக் கேட்ட அளவுக்கு இதைப் பற்றிக் கேட்டதில்லை.

சயாம் மரண ரயிலைக் கேட்கிறீர்கள் என்றால், அது தனியாகப் பேசவேண்டியது. 1942, 43-ல் ஜப்பான் ராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்கு மலைக்காட்டில் 415 கிலோமீட்டர் போட்டது. போர்க் கைதிகள் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள், அதைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள். மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் அதில் ஏராளம். வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பேர் பொறித்த கல்லறை இருக்கிறது. நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு அதுகூடக் கிடையாது.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதலில் எதற்குப் போகலாம்?

செங்கோட்டைப் பாதைக்கு. செலவு குறைவு, ஊரிலேயே ஏறலாம். ஊட்டி ரயிலுக்கு முன்பதிவு திறந்த உடனே இடம் தீர்ந்துவிடும், கோயம்புத்தூர் போய் மேட்டுப்பாளையம் போகவேண்டும், வண்டி காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடும் என்பதால் முதல்நாள் ராத்திரியே அங்கே தங்குவது நல்லது. ஏறுவதற்கு ஐந்து மணி நேரம் ஆகும், சின்னப் பிள்ளைகள் பசிக்கு அழும். புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். நடுவில் ஹில்குரோவில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்துவார்கள், இறங்கி டீ குடிக்கலாம். சீப்புச்சீடைச் சம்படத்தை மட்டும் மூடிக் கையோடு எடுத்துக்கொண்டு இறங்குங்கள். அங்கத்திக் குரங்கு சன்னல் வழியாகக் கையை விட்டு எங்கள் ஆத்தா சுட்ட மனகோலப் பலகாரத்தை உருண்டையோடு தூக்கிக்கொண்டு போனது, தகரக் கூரை மேல் உட்கார்ந்து வண்டி கிளம்புகிறவரை எங்களைப் பார்த்துக்கொண்டே தின்றது.